குரல் இல்லாத ராக் இசை: வாசகர் கேள்வி பதில்

பாடகர் இல்லாமல், எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும், மின்சாரத்தாலேயே ஒலியை உருவாக்கும் சிந்தசைசரும் மட்டும் சேர்ந்து நடத்தும் எலெக்ட்ரானிக் ராக் இசையைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த இசையைக் கேட்பது பற்றியே இருந்ததால், இம்முறை வேறு எதையும் எடுத்துக்கொள்ளாமல் அவற்றுக்கு மட்டும் பதில் தருகிறேன்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் மாலை முழுவதும் வார்த்தையே இல்லாத எலெக்ட்ரானிக் ராக் இசையைக் கேட்கிறாள். "ஒரே ஒரு தடவை கண்ணை மூடிக் கேளுங்கப்பா" என்று ஹெட்ஃபோனை என் காதில் மாட்டிவிட்டாள். எட்டு நிமிடம் பொறுமையாகக் கேட்டேன். ஒரே தாளம், நான்கைந்து சுரங்கள், அவையே திரும்பத் திரும்ப. பல்லவி, சரணம் என்று கேட்டுப் பழகிய எனக்கு, இதில் எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது என்றே தெரியவில்லை. "நன்றாக இருக்கிறது" என்று அவளிடம் பொய் சொல்லவும் மனம் வரவில்லை. நான் எப்படிக் கேட்க வேண்டும்?

பதில்: பொய் சொல்லாமல் விட்டீர்களே, அது நல்லது. உங்கள் குழப்பம் நியாயமானது. பாடலைக் கேட்கும்போது நம்முடைய காது தன்னை அறியாமலே பாடகரின் குரலைத் தேடிப்போய் அதனோடு ஒட்டிக்கொள்கிறது. மற்றக் கருவிகள் எல்லாம் அதற்குப் பக்கபலமாகவே நமக்குக் கேட்கின்றன. குரல் இல்லாத இசையிலும் காது பழக்கத்தின் காரணமாக அதே இடத்துக்குப் போய்ப் பார்க்கிறது, அங்கே யாரும் இல்லை. அதனால்தான் எட்டு நிமிடத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று உங்களுக்குத் தோன்றியது. நடந்தது வேறோர் இடத்தில். இந்த இசையில் மெட்டு மாறுவது குறைவு. மாறிக்கொண்டே இருப்பது ஒலியின் நிறம்.

அது என்ன நிறம் என்பதை அறிய எந்தக் கருவியும் வேண்டாம். உங்கள் குரலுக்கு வசதியான ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு, சுருதி சற்றும் நகராமல், "ஊ" என்று தொடங்கி ஓ, ஆ, ஏ, ஈ என்று ஒரே மூச்சில் மெல்ல மாற்றிக்கொண்டே போங்கள். சுரம் அங்கேயேதான் இருந்தது, ஆனாலும் ஏதோ ஒன்று இருண்ட இடத்திலிருந்து வெளிச்சத்துக்கு வந்ததைக் கேட்டிருப்பீர்கள். தொண்டையில் பிறக்கும் அதிர்வில் அடிப்படைச் சுரத்தோடு பல மேற்சுரங்களும் கலந்தே இருக்கின்றன; நாக்கும் உதடும் வாயின் வடிவத்தை மாற்ற மாற்ற, அந்த மேற்சுரங்களில் சில தூக்கலாகவும் சில அமுங்கியும் வெளியே வருகின்றன. சிந்தசைசரில் ஆசிலேட்டர் என்னும் பகுதி தொண்டையின் வேலையையும், ஃபில்டர் என்னும் பகுதி வாயின் வேலையையும் செய்கின்றன. ஃபில்டரின் திருகை ஒருவர் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாகத் திறப்பார். நான்கே சுரங்கள் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்க, அவை "ஊ"விலிருந்து "ஈ"வரை பயணம் செய்து முடித்திருக்கும். உங்கள் மகள் காத்திருந்து கேட்பது பெரும்பாலும் இதைத்தான். சுரங்கள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதற்கும் இதுவே காரணம்: மெட்டும் கூடவே மாறினால், நிறம் மாறுவதைக் காது கவனிக்காது.

நீங்கள் தொடங்குவதற்கு ஒரு படைப்பைச் சொல்கிறேன். ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரத்தைச் சேர்ந்த கிளவுஸ் டிங்கர், மிஷாயெல் ரோதர் என்ற இருவர் 'நொய்' என்ற பெயரில் 1972இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தின் முதல் படைப்பு 'ஹாலோகாலோ'. ஏறத்தாழ பத்து நிமிடம் ஓடும். அதை மூன்று முறை, மூன்று வெவ்வேறு நாட்களில் கேளுங்கள். முதல் நாள் டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். அது தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராகப் போகிறது என்பதை உறுதிசெய்துகொண்டால், அடுத்த முறை அதைப் பற்றிக் கவலைப்படாமல் அதன்மீது சாய்ந்து கேட்கலாம். இரண்டாம் நாள் கிட்டாரைக் கேளுங்கள். ஒன்றன் மேல் ஒன்றாக எத்தனை கிட்டார்கள் வருகின்றன, எது எப்போது மறைகிறது என்று பாருங்கள். மூன்றாம் நாள் எதையும் தேடாமல் விட்டுவிடுங்கள். பிறகு மகளிடம், "இதில் நீ எந்த ஒலிக்காகக் காத்திருப்பாய்?" என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவளிடம் நிச்சயம் பதில் இருக்கும், அதுவே உங்கள் இருவருக்கும் பேச்சைத் தொடங்கிவைக்கும்.

கேள்வி: சில குழுக்களின் இசையைப் பெயரைப் பார்க்காமலே இரண்டு மூன்று நொடிகளில் கண்டுகொள்கிறேன். குரல் இருந்தால் இதில் வியப்பில்லை. கிட்டாரும் சிந்தசைசரும் எல்லாரிடமும் இருப்பவைதானே, பிறகு எப்படித் தனி அடையாளம் வருகிறது?

பதில்: ஓர் ஒலியை அடையாளம் காண்பதற்குக் காது பெரிதும் நம்பியிருப்பது அந்த ஒலி எழும் முதல் கணத்தை. பியானோவில் ஒரு சுரத்தைப் பதிவுசெய்து, சுத்தியல் கம்பியில் படும் அந்தத் தொடக்கத்தை மட்டும் வெட்டிவிட்டுக் கேட்டால், மிச்சம் இருப்பது பியானோ என்று நம்புவது கடினம். அதே பதிவைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி ஓடவிட்டால், காற்றால் ஒலிக்கும் ஆர்கனைப்போல் மெல்லப் பெருகி வந்து சட்டென்று நின்றுவிடும். மேலே சொன்ன 'ஹாலோகாலோ'வில் சில கிட்டார் ஒலிகள் இப்படித் திருப்பப்பட்டவை. கிட்டார்தான் என்று தெரிந்தும் விரல் கம்பியைத் தொட்ட ஓசை எங்கும் கேட்காததால் அந்தப் படைப்புக்கு வேறெதற்கும் இல்லாத ஒரு மிதப்பு வந்துவிடுகிறது.

ஆகவே ஒலி எப்படி எழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்படி அடங்குகிறது, அதன்மேல் எவ்வளவு டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது), எத்தனை எதிரொலி என்று ஒரு குழு எடுக்கும் நூறு சிறிய முடிவுகள் சேர்ந்துதான் நீங்கள் கண்டுகொள்ளும் முகம் உருவாகிறது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் உருவான 'ராட்டாட்டாட்' என்ற இருவர் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2004இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்தே, ஒரே மெட்டை இரண்டு மூன்று கிட்டார்கள் இசைவான இடைவெளிகளில் ஒன்றாகப் பாடுவதுபோல் அடுக்குவதுதான் அவர்களுடைய வழக்கம். கிட்டாரா, சிந்தசைசரா, வயலினா என்று பிரிக்க முடியாதபடி அந்த ஒலி செறிந்து வரும். இங்கிலாந்தின் 'ஓஸ்ரிக் டென்டக்கிள்ஸ்' 1983இல் உருவான குழு. குமிழிகள் கொதித்து எழுவதுபோன்ற சிந்தசைசர் ஒலிக்கு நடுவே நீண்டு வளையும் கிட்டாரைக் கேட்ட உடனே அவர்கள்தான் என்று தெரிந்துவிடும். இரண்டு குழுவிலும் கருவிகள் ஏறத்தாழ ஒன்றே, முடிவுகள் வேறு.

எதிரொலியைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இந்த இசையைக் கேட்பவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் அது. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டுக்கு 500 மில்லிநொடி. கிட்டார் வாசிப்பவர் தட்டுக்கு இரண்டு சுரம் வீதம், அதாவது 250 மில்லிநொடிக்கு ஒன்றாக வாசிக்கிறார் என்று வையுங்கள். எதிரொலியை உண்டாக்கும் டிலே பெட்டியை அவர் 375 மில்லிநொடிக்கு அமைத்திருந்தால், ஒவ்வொரு சுரத்தின் எதிரொலியும் வேறு இரண்டு சுரங்களுக்குச் சரிநடுவே வந்து விழும். கை ஒன்றை வாசிக்க, காது இரண்டைக் கேட்கும். எதிரொலி சற்றுத் தணிந்து வருவதால், குதிரைப் பாய்ச்சல்போல ஓர் ஏற்ற இறக்கமும் தானாகவே கிடைத்துவிடும். "இவ்வளவு வேகமாக எப்படி வாசிக்கிறார்" என்று நாம் வியக்கும் பல இடங்களில் பாதிச் சுரங்களை வாசிப்பது அந்தப் பெட்டிதான். இதைத் தெரிந்துகொண்டபின் எனக்கு வியப்பு குறையவில்லை, கூடியது. தான் இப்போது வாசிக்கும் சுரம் சற்று நேரத்தில் திரும்பி வரும்போது எதன்மேல் வந்து விழும் என்று முன்கூட்டியே எண்ணி வாசிப்பது எளிய திறமை என்று நான் நினைக்கவில்லை.

கேள்வி: இந்த வகை இசை கணினி பரவிய 1990களில்தான் பிறந்தது என்கிறார் என் நண்பர். அதற்கு முன்பே இருந்தது என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

பதில்: நீங்கள் சொல்வதே சரி, அதுவும் முப்பது ஆண்டுகள் முந்தி. 1962 ஜூலை 10ஆம் நாள் 'டெல்ஸ்டார்' என்ற தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் விண்ணில் ஏவப்பட்டது. அதே கோடையில், லண்டனில் ஒரு கடைக்கு மேலே இருந்த தம்முடைய குடியிருப்பையே ஒலிப்பதிவுக் கூடமாக வைத்திருந்த ஜோ மீக் என்ற தயாரிப்பாளர், 'டொர்னாடோஸ்' குழுவைக் கொண்டு அதே பெயரில் குரலில்லாத ஓர் இசைத்தட்டை உருவாக்கினார். அதில் மெட்டை ஏந்திச் செல்லும் கருவி கிளாவியோலின். ஒரு நேரத்தில் ஒரே சுரம் மட்டும் எழுப்பக்கூடிய, பழைய வானொலிப் பெட்டியில் இருப்பதுபோன்ற வால்வுகளால் இயங்கும் மின்னணு விசைப்பலகை அது. இசைத்தட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 1962 டிசம்பரில் அமெரிக்காவிலும் முதலிடத்துக்கு வந்தது. அந்த நாட்டுப் பட்டியலில் முதலிடம் பெற்ற முதல் பிரிட்டிஷ் குழு இதுதான். அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக் தம்முடைய சிந்தசைசரை உருவாக்கியது அதற்கும் இரண்டு ஆண்டுகள் கழித்து, 1964இல்.

1973 மே மாதத்தில் எட்கர் வின்டர் குழுவின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' என்ற குரலில்லாப் படைப்பு அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. நீண்ட வாசிப்பைப் பதிவுசெய்த டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியதால் வந்த பெயர் அது. சிந்தசைசரின் விசைப்பலகையை வார் மாட்டிக் கிட்டாரைப்போல் தோளில் தொங்கவிட்டு மேடையில் நடந்து வாசித்தவர் வின்டர்.

ஆனால் உங்கள் நண்பருக்கு ஒன்றைக் கேட்கக் கொடுக்க வேண்டுமென்றால், நான் 1974இல் வந்த 'ஃபீட்ரா'வையே கொடுப்பேன். மேற்கு பெர்லினில் எட்கர் ஃப்ரோஸ 1967இல் தொடங்கிய 'டேஞ்சரின் டிரீம்' குழுவின் ஆல்பம் அது. 1970இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் கிட்டார், டிரம்ஸ், செல்லோ எல்லாம் உண்டு, சிந்தசைசர் கிடையாது. நான்கே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாக மாறியது. 'ஃபீட்ரா'வின் தலைப்புப் படைப்பு பதினேழு நிமிடம் ஓடுகிறது. டிரம்ஸ் இல்லை, அதன் இடத்தை, குறித்துவைத்த சுரங்களை வரிசையாகத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யும் சீக்வென்சர் என்னும் மூக் சிந்தசைசரின் பகுதி எடுத்துக்கொள்கிறது. அதில் நான் மிகவும் போற்றும் செய்தி ஒன்று உண்டு. அந்தக் காலத்து ஆசிலேட்டர்களில் ஒரு வோல்ட்டு மின்னழுத்தம் கூடினால் சுரம் ஒரு ஸ்தாயி மேலே போகும். அந்தக் கணக்கைக் காக்க வேண்டிய டிரான்சிஸ்டர்கள் வெப்பத்துக்குத் தக்கபடி சற்றே தடம் மாறிவிடும். ஒலிப்பதிவு நடக்க நடக்கக் கருவி சூடேறி, அதன் சுருதி நகரத் தொடங்கியது. அந்த நகர்வு பதிவிலும் இருக்கிறது. படைப்பின் பிற்பகுதியில் ஒலி குழைந்து மாறுவதற்கு அதுவும் ஒரு காரணம். பிழை என்று அழித்துவிட்டு மறுபடியும் வாசித்திருக்கலாம், அவர்கள் அப்படிச் செய்யவில்லை. வானொலிக்கேற்ற மூன்று நிமிடப் பாடல் எதுவும் இல்லாத அந்த ஆல்பம் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 15ஆவது இடம் வரை ஏறியது.

கேள்வி: வார்த்தையே இல்லை என்றால் அந்த இசை எதைப் பற்றியது என்று எப்படிச் சொல்வது?

பதில்: சொல்ல வேண்டியதில்லை. தலைப்பு ஒரு திசையைக் காட்டினால் போதும். அதைக்கூட நான் முதல்முறை கேட்கும்போது பார்ப்பதில்லை.

கேள்வி: இயந்திரத்தை முடுக்கிவிட்டால் அது தானாக வாசித்துக்கொள்கிறது. இதில் மனிதரின் உழைப்பு எங்கே இருக்கிறது? இருபது ஆண்டுகளாக வயலின் பயில்பவன் என்ற முறையில் வருத்தத்தோடு கேட்கிறேன்.

பதில்: உங்கள் வருத்தத்தை மதிக்கிறேன். இயந்திரத்தை முடுக்கிவிட்டு ஒதுங்கி நின்றுவிடும் இசையும் உலகில் உண்டு, அதைக் காக்க நான் வரவில்லை. ஆனால் சீக்வென்சர் உண்மையில் என்ன செய்கிறது என்பதை அருகிலிருந்து பாருங்கள். மூக் நிறுவனத்தின் பழைய சீக்வென்சரில் எட்டுப் படிகள், ஒவ்வொரு படிக்கும் மூன்று திருகுகள். முதல் வரிசைத் திருகு எட்டுச் சுரங்களின் உயரத்தையும் குறிக்கிறது என்று கொள்வோம். அதைச் சுழலவிட்டபின் வாசிப்பவர் கைகட்டி நிற்பதில்லை. ஐந்தாம் படி ஒலித்து முடிந்த மறுகணம் அதன் திருகை ஒரு மயிரிழை திருப்பி, அடுத்த சுற்றில் அந்தச் சுரம் புதிய இடத்தில் வந்து விழும்படி செய்கிறார். சற்று அதிகமாகத் திருப்பினால் அபசுரம், நேரம் தவறினால் எல்லாருக்கும் கேட்கும். ஒரு கை இதைச் செய்துகொண்டிருக்க, மறு கை ஃபில்டரைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். ஆவர்த்தனம் தோறும் ஒன்றை மட்டும் மாற்றுவது என்ற கட்டுப்பாட்டை உங்களைப்போல் நெடுங்காலம் பயில்பவர் நன்கு உணர்வார்.

இதற்கு நேரெதிரான உழைப்பும் உண்டு. நொய் குழுவின் கிளவுஸ் டிங்கர் இயந்திரமே இல்லாமல், கையாலும் காலாலும் பத்து நிமிடம் ஒரே தாளத்தை அடித்தவர். விமர்சகர்கள் அந்தத் தாளத்துக்கு 'மோட்டோரிக்' என்று பெயர் வைத்தார்கள். இயந்திரத்தை நினைவூட்டும் அந்தச் சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. 'நீண்ட நேர்கோடு' என்ற பொருள்படும் ஜெர்மன் சொல்லையே அவர் பயன்படுத்தினார். கூர்ந்து கேட்டால் அந்த நேர்கோடு அளவுகோலால் போட்டது இல்லை என்பது தெரியும். மிகச் சிறிய தளர்வும் இறுக்கமும் அதில் மூச்சுப்போல வந்துபோகின்றன.

இன்னும் ஒன்று, இது குறிப்பாக வயலின் வாசிப்பவருக்கு. 1970இல் வந்த மினிமூக் சிந்தசைசரில் விசைப்பலகையின் இடப்பக்கம் இரண்டு சிறு சக்கரங்கள் இருக்கும். அவற்றில் ஒன்றை நகர்த்தினால் சுரம் வழுக்கிக்கொண்டு மேலேயோ கீழேயோ போகும். விசைகளில் சிக்கியிருந்த சுரங்களுக்கு இடைப்பட்ட இடமெல்லாம் அதனால் திறந்தது. யான் ஹேமர் என்ற விசைப்பலகைக் கலைஞர் அந்தச் சக்கரத்தை இழைத்து வாசித்ததைக் கேட்பவர்கள் கிட்டார் என்றே எண்ணிவிடுவார்கள். கமகம் தெரிந்த காது உங்களுடையது. அந்த இடங்களை எங்களைவிட நீங்கள் நன்றாகவே கேட்பீர்கள்.

கேள்வி: ஹெட்ஃபோனில் பிரமாதமாக இருக்கும் இசை, அலைபேசியின் ஒலிபெருக்கியில் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினால் சப்பென்று இருக்கிறது. என்ன காரணம்?

பதில்: பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸிலும் சாதாரணக் கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸிலும் அதிர்கின்றன. விரல்நக அளவேயான அலைபேசி ஒலிபெருக்கியால் அந்த ஆழத்தில் காற்றை அசைக்க முடியாது. மேற்சுரங்களைக் கேட்டு அடிச்சுரத்தை மனம் ஊகித்துக்கொள்ளும் என்பதால் மெட்டு புரிந்துவிடும், ஆனால் உடம்பில் உணரும் எடை வராது. பாடலில் இது பெரிய இழப்பில்லை, குரல் நடுத்தர அதிர்வெண்களில் இருப்பதால் அது தப்பிப் பிழைக்கும். எடையும் நிறமுமே உயிராக உள்ள இசையில் இழப்பு முழுமையானது. இடம், வலம் என்று ஒலிகள் நகர்வதும் ஒரே சிறு பெட்டிக்குள் மறைந்துபோகும். நண்பர்களுக்கு ஹெட்ஃபோனையே மாட்டிவிடுங்கள்.

கூடவே ஒன்றைச் சரிபாருங்கள்: இவ்வகை ஆல்பங்கள் பலவற்றில் ஒரு படைப்பு அடுத்ததற்குள் இடைவெளியின்றி ஓடும். உங்கள் செயலியில் இடைவெளி இல்லாமல் இயக்கும் அமைப்பு அணைக்கப்பட்டிருந்தால், நடுவில் அரை நொடி மௌனம் விழுந்து அதுவரை கட்டிய மனநிலையைக் கலைத்துவிடும். எம்.பி.3 கோப்பா, சி.டி. தரமா என்று நண்பர்கள் நடத்தும் வாதத்தைவிட இந்த அரை நொடியையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

கேள்வி: இரவில் இவ்விசையை ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டுப் படுத்தால் காதில் மெல்லிய ரீங்காரம் கேட்கிறது. காலையில் போய்விடுகிறது. கவலைப்பட வேண்டுமா?

பதில்: ஆம், இன்றிலிருந்தே கவனம் வேண்டும். அந்த ரீங்காரம் உட்செவியின் உணர்செல்கள் தாங்க முடியாத அளவு உழைத்துவிட்டன என்பதற்கான அறிகுறி. காலையில் அது அடங்கிவிடுவதால் சேதமே இல்லை என்று பொருள் கொள்ளாதீர்கள், ஏனெனில் இறந்துபோன உணர்செல்கள் மனிதருக்கு மீண்டும் வளர்வதில்லை. வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபல் அளவில் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் பாதுகாப்பு எல்லை. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இருமடங்காகும், எனவே நேரம் பாதியாகும். 83 டெசிபலில் 20 மணி, 86இல் 10 மணி, 89இல் 5 மணி, 92இல் இரண்டரை மணி. வாரம் முழுவதற்கும் சேர்த்து இரண்டரை மணி என்பதை மனதில் வையுங்கள். இரண்டு ஆல்பங்கள்கூட அதற்குள் முழுதாக அடங்குவது கடினம் என்னும் அளவுக்கு நீண்ட ஆல்பங்கள் இவ்விசையில் உண்டு.

இந்த இசைக்கே உரிய ஓர் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். பாடலில் குரல் ஓயும் இடங்களில் காதுக்குச் சிறிது இளைப்பாறுதல் கிடைக்கும். அடர்த்தியான எலெக்ட்ரானிக் ராக்கில் பத்து நிமிடமும் ஒலி ஒரே செறிவில் நிற்கலாம். காது அதற்குப் பழகப் பழக, முன்பிருந்த சிலிர்ப்பைத் தேடிக் கை தானாகவே ஒலியைக் கூட்டும். இதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி, முதல் நிமிடத்தில் ஒலியளவை முடிவுசெய்துவிட்டு அதன்பின் அதைத் தொடுவதே இல்லை என்பது. வெளி இரைச்சலைத் தடுக்கும் ஹெட்ஃபோன் உதவும், குறைந்த ஒலியளவே போதுமானதாகிவிடும். ரீங்காரம் ஓரிரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, அடிக்கடி வந்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஒரு காதில் திடீரென்று கேட்கும் திறன் குறைந்தால் நாளை என்று தள்ளாதீர்கள், அதற்கான சிகிச்சையில் ஒவ்வொரு நாளும் கணக்கு.

கேள்வி: படிக்கும்போது இவ்விசையைப் பின்னணியில் ஓடவிடலாமா?

பதில்: நமக்குத் தெரிந்த மொழியின் வார்த்தைகள் காதில் விழுந்தால், புத்தகத்தில் உள்ள வார்த்தைகளோடு அவை போட்டியிடும், இதில் அந்தத் தொல்லை இல்லை. ஆயினும் கடினமான பாடத்தை மனப்பாடம் செய்யும் வேளையில் மௌனமே நல்லது. எழுதிப் பார்ப்பது, கணக்குப் போடுவது போன்ற வேலைகளுக்குச் சீரான தாளம் உள்ளதாகப் பார்த்து, நன்கு பழகிய ஆல்பத்தையே வையுங்கள். முதல்முறை கேட்கும் இசையைப் பின்னணியில் வீணாக்க வேண்டாம் என்பது என்னுடைய தனிப்பட்ட வேண்டுகோள்.

கேள்வி: என்னிடம் ஒரு சிறிய சிந்தசைசரும் கணினியும் உள்ளன. நூற்றுக்கணக்கான ஒலிகள் தயாராக இருந்தும், நான் உருவாக்குவது எல்லாம் யாரோ ஏற்கெனவே செய்ததுபோலவே இருக்கிறது. எனக்கென்று ஓர் ஒலியை எப்படிக் கண்டடைவது?

பதில்: நூற்றுக்கணக்கான ஒலிகள் இருப்பதுதான் சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது. தயாராக உள்ள ஒலிகளை வேறு யாரோ ஒருவர் அழகுபடுத்தி முடித்துவிட்டார்; நீங்கள் முடிவு எடுக்க அவற்றில் இடமே மிச்சமில்லை. எனவே அவற்றை எல்லாம் ஒதுக்கிவிட்டு, ஒரே ஓர் ஆசிலேட்டர், அதில் இரம்பப் பல் அலை, ஒரு ஃபில்டர், ஒரு டிலே, இவ்வளவோடு ஒரு மாதம் இருந்து பாருங்கள். இரம்பப் பல் அலையில் எல்லா மேற்சுரங்களும் இருக்கும், சதுர அலையில் ஒற்றைப்படை வரிசை மேற்சுரங்கள் மட்டுமே இருக்கும். அதனால் முன்னதில் செதுக்குவதற்குப் பொருள் அதிகம். ஒவ்வொரு நாளும் ஒரு திருகை மட்டும் எடுத்து, அதன் தொடக்கம் முதல் முடிவு வரை ஐந்து நிமிட நேரம் செலவிட்டு நகர்த்தி, எந்த இடத்தில் உங்களுக்கு மயிர்க்கூச்செறிகிறது என்று குறித்துவையுங்கள். அந்த இடங்கள் மற்றவருக்கு வேறாக இருக்கும். உங்கள் ஒலி அவற்றிலிருந்துதான் கிளம்பி வரும்.

கிட்டார் வாசிக்கும் நண்பர் யாராவது இருந்தால் அழைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கண்டெடுத்த ஒலிக்கு அருகில் தம்முடைய கிட்டாரின் ஒலியைக் கொண்டுவர அவர் முயலட்டும். நீங்களோ உங்கள் ஒலியை அவருடைய கிட்டாருக்கு அருகில் கொண்டுபோங்கள். இரண்டும் ஒன்றோடொன்று உரசும் எல்லையில் எது கம்பி, எது மின்சாரம் என்று உங்களுக்கே ஐயம் வரும். அப்போது பதிவுசெய்யும் பொத்தானை அழுத்திவிட்டு, நான்கு சுரங்களைத் திரும்பத் திரும்ப வாசியுங்கள். முதல் பதிவை எங்களுக்கும் அனுப்பிவையுங்கள். நான் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, மூன்று நாட்கள், மூன்று முறை கேட்டுவிட்டுப் பதில் எழுதுகிறேன்.